கழிவு போக முந்நூறு

12.10.1998 – பச்சைத் தேயிலை, கிலோ ரூ. 14.50
9.8.1999 – ரூ. 8.25
17.7.2000 – ரூ. 4.75
4.6.2001 – ரூ. 4.10
4.6.2001 – முட்டை, ஒன்று ரூ. 1.75

அம்சவேணி முட்டையை எடுப்பதில்லை, கிள்ளுகிறாள். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று, ஒரே நேரத்தில். இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்த கைகள். கிள்ளியதும் இரண்டும் தோளுக்குப் பின்னால், கூடை இருந்த இடத்தை நோக்கிப் புறப்படும். பாதி வழியில் நின்றுவிடும். இது இலை அல்ல, உடையும் என்று கைகளுக்கு அங்கேதான் நினைவு வருகிறது. பிறகு மெதுவாக முன்னால் திரும்பி, உமி நிரப்பிய தட்டில் முட்டைகளை வைக்கும். காலை ஏழு மணிக்கு, கீழ் கோத்தகிரிப் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி ஜன்னல் வழியாக உள்ளே வரும் நேரத்தில், இந்தத் தயக்கம் இருபது தடவைக்கு மேல் நடக்கும். ஒரு நாள் எண்ணினேன். இருபத்திமூன்று.

கோழிகள் அறுபது. அவை இருக்கும் இடம் எஸ்டேட்டின் பழைய பிள்ளைக்காம்பரா, அதாவது மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை. தேயிலை விலை விழுந்தது. வேலை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது. பிள்ளை பெறும் வயதில் இருந்தவர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். 2000 டிசம்பரில் அறையைப் பூட்டினார்கள். அடுத்த பிப்ரவரியில் அம்சவேணி கேட்டு வாங்கினாள். தொட்டில் கட்டும் கொக்கிகள் பதினாறும் உத்தரத்தில் அப்படியே இருக்கின்றன. எட்டில் தீவனக் குடுவைகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். கோழி கொத்தும்போது குடுவை லேசாக ஆடும். மஞ்சு அடர்ந்த நாட்களில் கோழிகள் கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் குடுவைகள் மட்டும் தாமாக ஆடிக்கொண்டிருக்கும். அம்சவேணி போகிற போக்கில் ஒன்றைத் தொட்டு ஆட்டிவிட்டுப் போவாள். அவளுடைய மகளும் இங்கே தூங்கியவள்தான். இப்போது கல்யாணமாகி ஈரோட்டில் இருக்கிறாள்.

குள்ளமான, எலும்பு தெரிகிற உடம்பு. வயது நாற்பத்து மூன்று. 1971இல், பதின்மூன்று வயதில், இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தாய் தகப்பனோடு கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் நாற்பது நாள் இருந்து, பிறகு இந்த மலைக்கு வந்தவள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்பாள். தேநீரைத் தேத்தண்ணி என்பாள். கோழிகளைத் தமிழில் கொஞ்சுவாள், சிங்களத்தில் திட்டுவாள். ஏன் என்று கேட்டேன்.

“திட்டுறது அதுகளுக்கு வெளங்கப்படாதுல்ல ஐயா. வெளங்குனா மனசு ஒடிஞ்சு முட்டை கொறைஞ்சிரும்.”

கோழிகளுக்குப் பெயர் இல்லை. எந்தக் கோழி எந்த மூலையில் அடைகிறதோ அந்த மூலைக்கு, கொழுந்து எடுக்கும் தேயிலை மலைகளின் எண்களில் ஒன்றை வைத்திருக்கிறாள். “எட்டாம் நம்பர் மலையில இன்னிக்கு முட்டை கம்மி” என்றால், கதவுக்குப் பின்னால் இருக்கும் ஏழு கோழிகள் என்று பொருள்.

இந்த முட்டைகள் சாதாரண முட்டைகள் அல்ல. அதுதான் இந்தச் சித்திரத்தை எழுதக் காரணம். அந்தப் பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து கோழி மருத்துவர் உமாராணி வந்து, மகளிர் குழுவுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். ஒமேகா-3 என்று ஒருவகைக் கொழுப்பு உண்டு, இருதயத்துக்கு நல்லது, ஆளி விதையிலும் கடல் மீனிலும் இருக்கிறது, கோழி தின்பது இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் கருவுக்கு வந்து சேர்ந்துவிடும் என்றார். ஐம்பது கிலோ தீவனத்துக்கு அரைத்த ஆளி விதை ஐந்து கிலோ, கருவாட்டுத் தூள் ஒரு கிலோ. முட்டைக்கு முந்நூறு மில்லிகிராம் தேறினால் அதை ஒமேகா முட்டை என்று சொல்லி விற்கலாம். பன்னிரண்டு பெண்கள் கேட்டார்கள். பதினொரு பேர் அதோடு விட்டுவிட்டார்கள். அம்சவேணியை மட்டும் கருவாடு பிடித்துக்கொண்டது.

“கடலை நான் ஒரே ஒருக்காத்தான் பாத்திருக்கேன் ஐயா. அதுவும் பாதி வழி வாந்தி எடுத்துக்கிட்டு. இப்ப எங்கோழி தெனமும் கடலைத் தின்னுது. தின்னுட்டு மலை மேல முட்டை வுடுது.” இதைச் சொல்லும்போது அவள் ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் முழுவதும் மஞ்சு நிரம்பி, எதிர்மலையின் உச்சி மட்டும் தீவு போல் நின்றது. நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் அதே எஸ்டேட்டில் இலை எடை போட்டவன் நான்; அந்தப் பள்ளத்தைக் கடலாக நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கணவன் பொன்ராஜ் தேயிலை ஃபேக்டரியில் அடுப்பு பார்த்தவன். ஃபேக்டரி வாரத்தில் நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை பேசி வைத்திருந்தான். கெட்டவன் அல்ல. வாய்தான் சும்மா இருக்காது.

“கோழிக்குக் கருவாடு, எனக்கு வெறுங்கஞ்சி. நானும் முட்டை வுடுறேன்னு சொன்னாத்தான் இந்த ஊட்டுல மரியாதை, கணக்கய்யா.”

“நீங்க மொதல்ல அடை காத்துப் பழகுங்க. பகல் பூரா கெடக்குறது அதே எடத்துலதானே” என்றாள் அம்சவேணி, திரும்பாமலே.

அவளுக்குத் திருப்பூர் வேண்டாம். வேலை கடினம் என்பதற்காக அல்ல. வீட்டில் ஒரு நீல இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் வெள்ளை எழுத்தில் 4417 என்று ஒரு எண், கப்பல் ஏறும்போது தலைமன்னாரில் எழுதியது. “ஒருக்கா பொட்டி கட்டிக் கப்பல் ஏறியாச்சு. இன்னொருக்கா கட்ட ஏலாது ஐயா” என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். முதல் தடவை ஏப்ரலில், சிரித்துக்கொண்டு. இரண்டாம் தடவை ஜூலையில்.

ஜூலையில் நடந்தது இது. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே மளிகைக் கடை வைத்திருக்கும் ராமகிருஷ்ணன் அந்த முட்டைகளை மூன்று ரூபாய்க்கு எடுத்துப் பார்த்தார். வாங்குகிறவர்கள் பெட்போர்டு பக்கம் குடியிருக்கும் ஓய்வு பெற்ற அதிகாரிகள். பாதிப் பேர் இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். 21ஆம் தேதி, சனிக்கிழமை, இரண்டு தட்டு முட்டைகளை அவரே ஜீப்பில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

“ஏனுங்க, நம்ம கடை என்னுங்க கடல்கரைலயா இருக்குது? கர்னல் ஊட்டம்மா ஆம்லெட் போட்டுட்டு, ஜன்னலையெல்லாந் தொறந்து வெச்சுட்டாங்க. நாயி கூட மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போயிருச்சாமுங்க.”

அம்சவேணி ஒரு முட்டையை அங்கேயே உடைத்து முகர்ந்தாள். நெடுநேரம் முகர்ந்தாள். “எனக்கு ஒண்ணுந் தெரியலையே. கப்பல் வாடை கொஞ்சம் அடிக்குது, அம்புட்டுத்தான்” என்றாள்.

ராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். “கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்கறனுங்க. வாடை இருக்கப்படாது, முந்நூறும் இருக்கோணும். ரெண்டும் எழுதுன லெட்டரு கொண்டாங்க. தெனம் நாப்பது முட்டை, வருசம் பூராவும் நானே எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொன்ராஜும் கணக்குப் போட்டான். தீபாவளி கழித்து, நவம்பர் 23, வெள்ளிக்கிழமை திருப்பூர் போகிற லாரியில் இடம் சொல்லி வைத்தான். “அதுவரைக்கும் ஒங்கோழி பேசட்டும். பேசலேன்னா நாம பேசாம ஏறிருவோம்” என்றான். அவள் மறுக்கவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஜூலை தொடக்கத்தில் உமாராணி மூலம் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த முட்டைகளுக்கு ஆகஸ்ட் 3ஆம் தேதி பதில் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்குமென்று என் முகவரியைக் கொடுத்திருந்தாள். படித்துச் சொன்னேன். வாடை: மீன் வாடை உணரப்படுகிறது. ஒமேகா-3: முட்டைக்கு 391 மில்லிகிராம். வாடையை அவள் காதில் வாங்கவே இல்லை.

“முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு!” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கழிவு போகவா ஐயா?”

“முட்டைக்கு என்ன கழிவு?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. வேளாவேளைக்கு எழுந்து நின்றது. 6ஆம் தேதி திங்கட்கிழமை, என் சொந்தத் தராசை எடுத்துக்கொண்டு, அவள் தீவனம் கலக்கும் நேரத்துக்குப் போனேன்.

தொட்டியில் அரைத்த சோளம், புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் தூள். ஆளி விதையைத் தராசில் போட்டாள். ஐந்து கிலோ. முள் அசையாமல் நின்றது. என் தராசிலும் அதே. கொட்டினாள். பிறகு, பேச்சை நிறுத்தாமலே, சாக்குக்குள் கையை விட்டு, இரண்டு கைகளாலும் ஒரு அள்ளு. இன்னொன்று. நான்கு தடவை, எப்படியும் ஒரு கிலோ இருக்கும். கருவாட்டுத் தூளிலும் அதேபோல.

“அது என்ன?”

“எது ஐயா?”

“எடை போட்ட பிறகு அள்ளிப் போட்டாயே.”

“கழிவுக்கு” என்றாள். அடுப்புக்கு எதற்கு விறகு என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

தேயிலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்த இலை கனக்கும். அதனால் எடை போடும் கொட்டகையில், கூடைக்கு இரண்டு கிலோ தண்ணீருக்கென்று கழிப்போம். இருபது கொண்டுவந்தால் பதினெட்டு எழுதுவோம். தண்ணிக் கழிவு என்று அதற்குப் பெயர். பதினெட்டு வேண்டுமென்றால் இருபது பறிக்க வேண்டும் என்பது கொழுந்து எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் கையோடு சேர்ந்த அறிவு.

“கோயம்புத்தூர்லருந்து மலை ஏறி வர்ற வெதை. வழி பூரா மஞ்சு. தண்ணி குடிச்சுத்தானே வருது? தராசு அஞ்சு காட்டுனா உள்ளுக்க நாலுதான் இருக்கும். நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க.”

“விதைக்குக் கழிவு கிடையாது அம்மா. அது காய்ந்த விதை. அதிகமாகப் போட்டதால்தான் வாடை.”

“மழை பேயாத அன்னிக்கும் கழிச்சீங்களே ஐயா” என்று அவள் சிரித்தாள். குத்தவில்லை. யாரோ ஒருவருடைய பழைய கல்யாணத்தில் நடந்த வேடிக்கையைச் சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு, “தேத்தண்ணி போடவா?” என்று கேட்டாள்.

என்னிடம் இரண்டு வகைப் பதிவேடுகள் உள்ளன. எடைக் குறிப்பின் நகல்கள் ஒன்று. மற்றது மழை, வீட்டின் பின்புறம் மழைமானி வைத்து 1968 முதல் நானாக எழுதிவருவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை வைத்தேன். 1984ஆம் வருடத்தை மட்டும் பார்த்தேன். மழை சுழியம், கழிவு இரண்டு கிலோ என்று இருக்கும் நாட்கள் முப்பத்தேழு. கழிக்கச் சொல்லி மேலே இருந்து வந்த உத்தரவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு பதிவேட்டிலும் இருப்பது என் கையெழுத்து.

அதன்பின் அவள் அளவோடு போட்டாள். எளிதாக இல்லை. எடை போட்டு முடித்ததும் கைகள் தாமாகச் சாக்குக்குள் போய் அள்ளும். அள்ளிய பிறகு நின்று, என்னைப் பார்த்து, திரும்பச் சாக்கிலேயே விடுவாள். விரல்களுக்கிடையில் விதை பொடிமழை போல் இறங்கும். பயமும் இருந்தது.

“கழிவு போடாட்டி முந்நூறு வருமா ஐயா?”

391ஐ ஐந்தால் பெருக்கி, ஆறால் வகுத்து, நாள்காட்டித் தாளின் பின்புறம் மூன்று தடவை கணக்குப் போட்டிருந்தேன். ஏறக்குறைய 326 என்று வந்தது. கருவாட்டைக் குறைத்ததற்கு எவ்வளவு போகும் என்று தெரியவில்லை. கோழியின் வயிற்றுக்குள் என் கணக்கு செல்லுமா என்பதும் தெரியவில்லை. “தெரியாது அம்மா” என்றேன். அது உண்மை.

உமாராணி தொலைபேசியில் இன்னொன்று சொன்னார். நிழலில் காயவைத்த தேயிலைக் கொழுந்தைப் பொடி செய்து ஐம்பது கிலோவுக்கு அரைக் கிலோ சேர்த்தால், எண்ணெய்ச் சத்து கெடாமல் இருக்கக்கூடும். “செஞ்சு பாருங்க. உறுதியா சொல்ல மாட்டேன்” என்றார். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் பறிக்க ஆளில்லாமல் நெஞ்சளவு வளர்ந்துவிட்ட தேயிலை இருந்தது. அம்சவேணி அதில் இறங்கினாள். கணக்குப் பார்க்க யாரும் இல்லாத இடத்தில், கோழிக்காக, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முற்றல் ஒன்றுகூட இல்லாமல் கிள்ளினாள். மஞ்சில் தலை மட்டும் தெரிந்தது. “நாலு ரூவாய்க்கும் போவாத கொழுந்து. எங்கோழிக்கு என்னா கொடுப்பினை” என்ற குரல் மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

அக்டோபர் 8ஆம் தேதி பன்னிரண்டு முட்டைகளை உமியில் பொதிந்து, பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். அன்று 22 மில்லிமீட்டர் மழை. பிறகு காத்திருந்தோம். அக்டோபர் முழுவதும் மழை. தபால்காரர் வந்தார், போனார். தீபாவளி வந்தது. லயத்தில் பதினெட்டு வீடுகளில் ஐந்தில்தான் விளக்கு.

தீபாவளிக்கு மறுநாள் அம்சவேணி நீலப் பெட்டியைத் துடைத்தாள். பாத்திரங்களை அடுக்கினாள். எஸ்டேட்டில் கொடுத்த இரண்டு கம்பளிகளை மடித்து மேலே வைத்தாள்.

“திருப்பூருக்குக் கம்பளி எதுக்கு? அங்க வேர்வையில வேகப் போறோம்” என்றான் பொன்ராஜ்.

“பொட்டிக்குக் குளிரும்” என்றாள். பிறகு கயிறு போட்டுக் கட்டினாள். கோழிகளை ராமகிருஷ்ணனுக்குத் தெரிந்த ஒருவர் கறிக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

லாரிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை பத்தேகாலுக்குத் தபால்காரர் என் கதவைத் தட்டினார். உறையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பள்ளத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதை காலுக்கடியில் மட்டும் இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு எதிரே லயத்து வாசலில், கயிறு போட்ட பெட்டிமேல் பொன்ராஜ் உட்கார்ந்திருந்தான். என் கையைப் பார்த்தான்.

அவள் உள்ளே முட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொன்று. நான் உறையைப் பிரித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

“வாடை: இல்லை.”

குடுவைகள் ஆடிக்கொண்டிருந்தன.

“ஒமேகா-3: முட்டைக்கு 312 மில்லிகிராம்.”

அவள் அசையவில்லை. கைகள் இரண்டும் பாதி வழியில் நின்றன.

“கழிவு போகவா ஐயா?”

“கழிவு இல்லை அம்மா. முழு எடை.”

முட்டைகளைத் தட்டில் வைத்தாள். வெளியே வந்தாள். பொன்ராஜைப் பார்த்து, எழுந்திரு என்று தாடையால் காட்டினாள். அவன் எழுந்தான். கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, 4417 என்று எழுதிய மூடியைத் திறந்து, மேலே இருந்த கம்பளிகள் இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, எதுவும் காயாத அந்த மஞ்சில் கொடியில் விரித்துப் போட்டாள்.

கடிதம் வந்த தேதி: 22.11.2001.